“இது எங்கம்மா முகம் இல்லட்டி!”

ஸ்டுடியோ கவரைப் பிரித்துப் படத்தை அம்மாவின் கையில் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பார்த்தாள். கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

“யாருட்டி இது?”

“என்னம்மா… ஆச்சிதான்.”

“இது எங்கம்மா முகம் இல்லட்டி. எங்கம்மா கறுப்புல்லா. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பா. புருவத்துக்கு மேல மறு இருக்கும். இது ஏதோ சீரியல்ல வர்ற பிள்ள மாதிரி இருக்கு.”

செம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.

எங்கள் ஆச்சிக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. 1963-ல் பாளையங்கோட்டையில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் படம். மொத்தம் 31 தலைகள். இரண்டாவது வரிசையில் வலது கோடியில், பாதி தூணுக்குப் பின்னால் ஆச்சி நிற்பாள். முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். 1966-ல் ஆச்சி இறந்துபோனபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. சித்திக்கு ஒன்றரை.

அந்தப் படம் பெரிய மாமா வீட்டுச் சுவரில் அறுபது வருஷம் தொங்கியது. இரண்டு மழைக்காலம் சுவர் ஓதம் ஏறியதில் பூஞ்சை பிடித்து, பழுப்பேறி, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ‘இனிமேலும் விட்டால் முகமே போய்விடும்’ என்றுதான் ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். “ஏஐ-ல போட்டா பிரமாதமா வரும்க்கா” என்றார் தம்பி. அரை மணி நேரத்தில் வந்தது. பிரமாதமாகத்தான் வந்தது. ஆச்சிதான் வரவில்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எங்கள் ஆச்சியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, அதனால்தான் கவரைப் பிரித்தபோது எனக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே, ‘இதை நாமே செய்து பார்த்தால் என்ன?’ என்று அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனில் ஆரம்பித்தேன். மூன்று ராத்திரி ஆனது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு படம் இருக்கும்தானே?

மறு எங்கே போனது?

முதலில், ஸ்டுடியோ படத்தில் ஆச்சி ஏன் மாறிப்போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போட்டோவைப் போனில் எடுத்தால் அது புள்ளிகளாக மாறும். அதைத்தான் பிக்சல் என்கிறோம். முழு குரூப் படத்தையும் ஒரே ஷாட்டில் எடுத்தால், சுண்டுவிரல் நக அளவு முகத்துக்கு நூறு, நூற்றைம்பது புள்ளி அகலம் கிடைத்தால் பெரிது. அதில் கண் இமை முடி கிடையாது, உதட்டு வரி கிடையாது. ‘முகத்தைத் தெளிவாக்கு’ என்று ஏஐ ஆப்பிடம் சொன்னால், இல்லாத இமையை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஏற்கெனவே அதற்குப் பழக்கிய ஏராளமான முகங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்துதான். ‘இப்படிப்பட்ட முகத்துக்குக் கண் இப்படி இருக்கும்’ என்று ஊகித்து வரைந்துவிடும். மறுவைப் பூஞ்சைப் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிடும். ஒரு மூக்குத்தியைக் கண்ணாடியின் பளபளப்பு என்று எடுத்துவிடும். நிழலில் நிற்கும் கறுத்த முகத்தை ‘சரிசெய்து’ வெளுப்பாக்கிவிடும்.

அதாவது, அது அழுக்கை எடுத்த போட்டோ இல்லை. ஆச்சி நின்ற இடத்தில் நிற்கும் ஒரு புது ஓவியம்.

இதெல்லாம் ஏஐ வந்து கெடுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் ‘டச்சப்’ செய்வதற்கென்றே ஒருவர் இருப்பார். பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்ந்த மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் மெல்லத் தீட்டுவார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்துச் சுருக்கம் அதில் வெளிச்சம் ஊடுருவும் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் நிரப்பினால், பிரின்ட்டில் சுருக்கம் மறையும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் இப்படித்தான் காணாமல் போயின. காலமான தாத்தாவுக்குக் கல்யாணப் படத்திலிருந்து தலையை எடுத்து, வேறு யாருடைய கோட்டின் மேலோ ஒட்டி, மாலை போட்டு மாட்டிய வீடுகள் எத்தனை! உயிரோடு இருந்தவரை மேல்சட்டையே போடாத மனுஷர், சுவரில் டை கட்டி உட்கார்ந்திருப்பார்.

1990-ல் போட்டோஷாப் வந்தது, 1996-ல் இலவச மென்பொருளான கிம்ப் வந்தது, 2011-ல் ஸ்னாப்சீட் வந்தது. பென்சில் கை மாறிக் கை மாறி, கடைசியில் நம் ஆள்காட்டி விரலுக்கு வந்துவிட்டது. வித்தியாசம் ஒன்றுதான். ஆளைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அதை விடு, அது மறு” என்று இப்போது சொல்ல முடியும்.

படம் எடுப்பதில்தான் பாதி வேலை

ஆப்பைத் திறக்கும் அவசரம் வேண்டாம். பழைய படத்தைப் போனில் எப்படி எடுக்கிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எங்கள் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. முதலில் நான் செய்யப் பார்த்த காரியம், அதைப் பிய்ப்பது. நல்லவேளை, அம்மா கையில் அடித்தாள். போட்டோவின் மேல்புறத்தில் ஜெலட்டின் என்ற பசை மாதிரியான படலம் இருக்கிறது. படமே அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. ஓதம் பட்டால் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஈரத்துணியால் போட்டோவைத் துடைக்கவும் கூடாது. கண்ணாடியை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கண்ணாடி இருந்தால் பிரதிபலிப்பு வரும். ஆச்சியைப் படம் எடுத்தால் ஆச்சி நெற்றியில் டியூப்லைட் எரியும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம் படத்தை வையுங்கள். வீட்டு விளக்கை அணையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு கறுப்புத் துணியில் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு, போனுக்கு முன்னால் திரை மாதிரி பிடித்துக்கொண்டு எடுங்கள். கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியாது, கூரையும் தெரியாது. நான் அப்பாவின் பழைய குடைத் துணியை வெட்டினேன். (குடை ஏற்கெனவே கிழிந்ததுதான். இதை அப்பா படிப்பார் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

போன், படத்துக்கு நேராக இருக்க வேண்டும்; சாய்ந்தால் சதுரம் கோணலாகிவிடும். ரொம்பக் கிட்டே போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. கிட்டே போனால் ஓரங்கள் வளைவதோடு, உங்கள் நிழலும் விழும்.

குரூப் படமாக இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள். முழுப் படத்தை ஒருமுறை, வேண்டிய முகம் இருக்கும் பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை எடுங்கள். பன்னிரண்டு அங்குலப் படம் முழுவதையும் ஒரே ஷாட்டில் எடுத்தபோது ஆச்சி முகத்துக்கு 130 புள்ளி அகலம்தான் கிடைத்தது. நாலு அங்குலப் பகுதியை மட்டும் எடுத்தபோது அதே முகத்துக்குக் கிட்டத்தட்ட 400 புள்ளி. ஏஐ கற்பனையாக வரைந்த பல விஷயங்கள் உண்மையாகவே அந்தத் தாளில் இருந்தன. நாம்தான் சரியாக எடுக்கவில்லை.

ஃபிரேம் இல்லாத சின்னப் படம் என்றால் ஸ்கேனர் இன்னும் நல்லது. கம்ப்யூட்டர் சென்டரில் ‘600 டிபிஐ-ல் ஸ்கேன் பண்ணுங்க’ என்று கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் சைஸ் என்றால் 1200. கேட்காவிட்டால் ஆதார் ஜெராக்ஸுக்கு எடுக்கிற மாதிரி எடுத்துத் தந்துவிடுவார்கள்.

விரலால் ஆச்சியைத் துடைத்தது

நான் பயன்படுத்தியது ஸ்னாப்சீட். இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. வெர்ஷனுக்கு வெர்ஷன் பட்டன்கள் இடம் மாறும். பெயரைப் பார்த்துத் தேடிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன் படத்தை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். முதல் படத்தில் கைவைக்கவே கூடாது.

ஓரங்களை வெட்டி, நேராக்கிய பிறகு, முதல் வேலை பழுப்பை எடுப்பது. கறுப்பு வெள்ளைப் படம்தானே, கலரை மொத்தமாக எடுத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். எடுத்துப் பார்த்தேன், பழுப்புக் கறை இருந்த இடமெல்லாம் சாம்பல் திட்டாக நின்றது. ‘பிளாக் அண்ட் ஒயிட்’ பகுதிக்குள் கலர் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததும் திட்டுகள் பெரும்பாலும் கரைந்துபோயின. மஞ்சள், பழுப்புக் கறைகள் சிவப்பு ஒளியில் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் சூட்சுமம். அம்மா, “ஏ… சலவைக்குப் போட்ட மாதிரில்லா இருக்கு!” என்றாள்.

அடுத்தது ‘ஹீலிங்’. கீறல், புள்ளி, மடிப்புக் கோடு எல்லாவற்றுக்கும் இதுதான். விரலால் தடவிய இடத்தை, அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து அது நிரப்பிவிடும். துணி கிழிந்தால் அதே துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போடுவது போலத்தான். இதில் நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். முதலில் பெரிதாக்காமலே தடவினேன். ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றவரின் காது போய்விட்டது. படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ, அவ்வளவு நுணுக்கமாகத் தடவல் வேலை செய்யும். அடுத்து, நீளமாக ஒரே இழுப்பாக இழுத்தேன். சேலைக்கரை பக்கத்துத் தூணில் ஏறிவிட்டது. சின்னச் சின்னதாக, புள்ளி வைக்கிற மாதிரி தொட வேண்டும். சரியாக வராவிட்டால் உடனே பின்வாங்கிவிட வேண்டும்.

வெறும் சுவர், வானம், தரை இதில் எல்லாம் ஹீலிங் அற்புதம். கரை, ஜரிகை, கண், உதடு என்று கோடுகள் சந்திக்கும் இடங்களில் தடுமாறும். அந்த மாதிரி இடம் நிறைய இருந்தால், கம்ப்யூட்டரில் கிம்ப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒட்டுத்துண்டை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை நாமே காட்டலாம். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு அந்த இடத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். சேலைக்கரைக்கு இன்னொரு பக்கத்துச் சேலைக்கரை.

முகத்துக்கு வந்தபோது வேலை நின்றுபோனது. ஒவ்வொரு புள்ளியிலும் அம்மாவைக் கேட்டேன். “இது?” “பூஞ்சை. எடு.” “இது?” “பொறு… அதுதான் மறு. தொட்டே, அவ்வளவுதான்.” “கன்னத்துல இந்தக் கோடு?”

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். “கோடு இல்லட்டி. சிரிக்க வந்துட்டு அடக்கியிருக்கா. சிரிச்சா அந்த இடம் குழியும் அவளுக்கு.”

அதை விட்டுவிட்டேன்.

கடைசியாக வெளிச்சம். ‘டியூன் இமேஜ்’ பகுதியில் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் வெளுக்கும். நிழலை மட்டும் தூக்கினால் கறுப்பு கறுப்பாகவே இருக்க, உள்ளே இருக்கும் கண்ணும் மூக்கும் தெரியவரும். அப்போதுதான் இடது பக்கத்து மூக்குத்தி வந்தது. ‘டீடெய்ல்ஸ்’ என்று படத்தைக் கூர்மையாக்கும் வசதி ஒன்று உண்டு. ஆசை காட்டும், அளவுக்கு மேல் போனால் முகமெல்லாம் மணல் தூவிய மாதிரி ஆகிவிடும். பத்து, பதினைந்துக்கு மேல் நான் போகவில்லை.

சிவந்துபோன எண்பதுகள்

உங்களிடம் இருப்பது எழுபது, எண்பதுகளின் கலர் படமாக இருந்தால் பிரச்னை வேறு. மாப்பிள்ளை, பெண், மாமியார் எல்லாரும் சிவந்துபோயிருப்பார்கள். கலர் பிரின்ட்டில் மூன்று சாயங்கள். அந்தக் காலத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் பெட்டிக்குள் இருட்டில் இருந்தாலும் முதலில் மங்கிவிடும். மிச்சம் சிவப்பு. ‘ஒயிட் பேலன்ஸ்’ பகுதியில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை எடுத்து, போட்டோவில் எது வெள்ளையோ, அதன் மேல் வையுங்கள். நம் வீட்டுக் கல்யாணப் படங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை, வேட்டி இருக்கிறதே! சொட்டு நீலம் போட்ட வேட்டி என்றால் படம் லேசாக மஞ்சளடிக்கும். ஒரு இழுப்பு குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படங்களை இந்த வருஷமே வெளியே எடுங்கள். அந்தப் பசையும் மேல்தாளும்தான் படத்தின் முதல் எதிரி. ஒட்டிக்கொண்டு வராவிட்டால், பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுப்பது போல் இழுங்கள். அதற்கும் வராவிட்டால் ஆல்பத்தோடே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

சித்தி கட்சி

நாலாம் நாள் சித்தி வந்தாள். இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தேன். ஒன்று ஸ்டுடியோவில் போட்டது, பளிச்சென்று, பெரிதாக. இன்னொன்று நாங்கள் செய்தது; சின்னதாக, கொஞ்சம் மங்கலாக, நிழலில் நிற்கிற ஒரு கறுத்த பெண்.

சித்தி யோசிக்காமல் முதல் படத்தை எடுத்தாள். “இதையே மாட்டுவோம்க்கா. எம்புட்டு லட்சணமா இருக்கா!”

“அது அம்மா இல்ல.”

“உனக்கு ஒன்பது வருஷம் அம்மா இருந்தா. நீ சொல்லுவே. எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லக்கா. எனக்கு எந்தப் படத்தைக் குடுக்கியளோ, அதுதான் அம்மா.”

யாரும் பேசவில்லை. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இந்த மூன்று ராத்திரியும் ‘உண்மையான முகம்’ என்று நான் பேசிக்கொண்டிருந்தது, அம்மாவின் ஞாபகத்தை வைத்து. ஞாபகமே இல்லாதவளுக்கு அது என்ன?

அம்மா எழுந்து போய், முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து சித்தி முன்னால் வைத்தாள். “சிரிக்கப் போற மாதிரி பண்ணிட்டு, அடக்கு.”

“போக்கா.”

“செய்யி, சொல்லுதேன்.”

சித்தி செய்தாள். வலது கன்னத்தில் குழிந்தது. மேஜையில் இருந்த மங்கலான படத்தை எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டுடியோ படத்தில் அந்தக் குழி இல்லை. வழவழவென்று இருந்தது.

வெளுப்பு ஆசை

இதைச் சொல்லாமல் விட மனசில்லை. போனில் ‘பியூட்டி’ வசதிகள் தோலை வழவழப்பாக்கும், நிறத்தை ஏற்றும். சில போன்களில் கேட்காமலே செய்யும். செல்ஃபி கேமராவின் செட்டிங்கில் போய் ஒருமுறை பாருங்கள். பருவைத் துடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; பரு அடுத்த வாரம் போய்விடும். ஃபிளாஷில் சிவந்த கண்ணைச் சரிசெய்வதிலும் தப்பில்லை. அது கண்ணுக்கு உள்ளே பின்புறத்தில் இருக்கும் ரத்த நாளங்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நம் கண்ணின் நிறம் இல்லை. ஆனால், வரன் பார்க்க அனுப்பும் படத்தில் பெண்ணை இரண்டு ஷேடு வெளுப்பாக்கி அனுப்பும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பாஸ்போர்ட், அரசுத் தேர்வு விண்ணப்பம் போன்றவற்றுக்கு எடுத்த படத்தில் முகத்தைத் திருத்தவே வேண்டாம். ஆளும் படமும் ஒத்துப்போகாவிட்டால் அலையப்போவது நீங்கள்தான். முன்பின் தெரியாத ஆப்களில் குழந்தைகளின் படத்தை ஏற்றாதீர்கள். ஏற்றிய படம் எங்கே போகிறது என்பது நம் கையில் இல்லை.

அனுப்பும்போது கவனம்

செய்து முடித்ததும் குடும்ப குரூப்பில் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவோம். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதை வாங்கியவர் பிரின்ட் போட்டால் மங்கல்தான் வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், முழுசாகப் போகும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஜேபெக்காகச் சேமிப்பதும் படத்தைத் தேய்க்கும். எட்டுக்குப் பத்து பிரின்ட் போட 2400-க்கு 3000 புள்ளிகள் இருந்தால் நல்லது. எங்களிடம் அவ்வளவு இல்லை. அதனால் ஆச்சியை உள்ளங்கை அளவுக்குத்தான் போட்டோம்.

மூலப் படம் மாமா வீட்டுக்குத் திரும்பவில்லை. ஓதம் இல்லாத பீரோவில், வெறும் காகித உறையில் இருக்கிறது. அதன் பிரின்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, 31 பேரில் யார் யார் என்று அம்மாவிடம் கேட்டு எழுத ஆரம்பித்தேன். பின்பக்கத்தில் மெத்தென்ற பென்சிலில். பால்பாயின்ட் என்றால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். இதுவரை 19 பெயர் கிடைத்திருக்கிறது. முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து வாயில் விரல் வைத்திருக்கும் பையன் யாரென்று தெரியவில்லை. பெரிய மாமாவாக இருக்கும் என்கிறாள் அம்மா. மாமா இல்லவே இல்லை என்கிறார்.

சித்தி ஸ்டுடியோ படத்தைத் தூக்கிப் போடவில்லை. அவள் வீட்டு ஹாலில் அதுதான் மாட்டியிருக்கிறது, மாலையோடு. எங்கள் படம் அவள் போனில் இருக்கிறது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். அம்மா கையில என்னமோ வச்சிருக்காளே, பூவா, கைக்குட்டையா? அக்காகிட்ட கேட்டுச் சொல்லேன்.”